புறவெளியும் புறம்போக்கும்: விண்குப்பைச் சட்டங்களை அல்லிநகரத்திலிருந்து வாசித்தல்

1

1979 ஜூலை மாதம். ஸ்கைலாப் விழப்போகிறது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. அமெரிக்காக்காரன் 1973இல் ஏவிய சுமார் 77 டன் எடையுள்ள விண்வெளி நிலையம், எங்கே விழும் என்று அவனுக்கே தெரியவில்லை என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். சாகத்தானே போகிறோம் என்று வளர்த்த கோழியை அடித்துக் குழம்பு வைத்தவர்களும் உண்டு. அல்லிநகரத்தில் எங்கள் தெருவில் நான் பேப்பரை வாசித்துச் சொல்ல, சுற்றி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர்களில் என் அவ்வாவும் ஒருத்தி. டவுனில் துப்புரவு வேலை பார்த்தவள். எல்லோரும் 'யார் தலையில் விழும்' என்று கேட்டுக்கொண்டிருந்தபோது அவள் கேட்டது வேறு: "ஏய்யா, போட்டவன் வந்து அள்ளிட்டுப் போவானா, இல்ல நம்மளத்தேன் அள்ளச் சொல்லுவாய்ங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜூலை 11 அன்று ஸ்கைலாப் இந்துமாக்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் துண்டு துண்டாக விழுந்தது. எஸ்பெரன்ஸ் என்கிற ஊரின் உள்ளாட்சி, பொது இடத்தில் குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது. வேடிக்கைக்காக விதித்ததுதான். நாசா கட்டவில்லை. 2009இல் ஒரு அமெரிக்க வானொலி அறிவிப்பாளர் தன் நேயர்களிடம் வசூல் பண்ணிக் கட்டினார். ஆனாலும் அந்த அபராதச் சீட்டில் இருந்த 'குப்பை' என்கிற வார்த்தை, அன்றைக்கு நடைமுறையில் இருந்த எந்தச் சர்வதேச விண்வெளிச் சட்டத்திலும் இல்லை. இன்றைக்கும் இல்லை. இந்தக் கட்டுரை அந்த இல்லாமையைப் பற்றியது. அவ்வாவின் கேள்வியை வைத்துக்கொண்டு அந்தச் சட்டங்களை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம் என்பது என் யோசனை.

2

விண்வெளி பற்றி ஐ.நா. வழியாக உருவானவை ஐந்து உடன்படிக்கைகள். 1967இன் விண்வெளி ஒப்பந்தம், 1968இன் மீட்பு உடன்பாடு, 1972இன் இழப்பீட்டு உடன்படிக்கை, 1975இன் பதிவு உடன்படிக்கை, 1979இன் நிலவு உடன்பாடு. ஐந்திலும் தேடிப் பாருங்கள். 'விண்பொருள்' உண்டு. அதன் பாகங்களும் ஏவிய ராக்கெட்டும் அதன் பாகங்களும் விண்பொருளே என்ற விளக்கமும் உண்டு. செத்த செயற்கைக்கோள், கழன்ற போல்ட், உரிந்த பெயின்ட் துணுக்கு எல்லாமே கௌரவமாக 'விண்பொருள்'தான். 1967 ஒப்பந்தத்தின் 9ஆம் ஷரத்து நிலவையும் மற்ற கோள்களையும் கேடாக மாசுபடுத்தாதே, பிறர் நலனையும் கருதி நடந்துகொள் என்று பொதுவாக உபதேசிக்கிறது. அதோடு சரி.

இது மறதி அல்ல. 8ஆம் ஷரத்தைச் சேர்த்து வாசித்தால் விளங்கும். ஒரு பொருளை எந்த அரசு தன் பதிவேட்டில் ஏற்றியிருக்கிறதோ அந்த அரசுக்கே அதன்மேல் அதிகாரமும் கட்டுப்பாடும் உண்டு. அது விண்வெளியில் இருந்தாலும் பூமிக்குத் திரும்பினாலும் சொத்துரிமை மாறாது. கடலில் கைவிடப்பட்ட கப்பலை மீட்டவனுக்குக் கூலி உண்டு என்பது பழைய கடல் சட்டம். விண்வெளியில் 'கைவிடுதல்' என்ற ஒன்றே கிடையாது. செத்தாலும் அது அவன் சொத்து. அவன் அனுமதி இல்லாமல் இன்னொருவன் தொட்டால் அத்துமீறல்.

ஏன் இப்படி எழுதினார்கள்? எழுதிய காலம் பனிப்போர்க் காலம். மேலே சுற்றிய பொருள்களில் உளவுக்கோள்கள் கணிசம். செத்த கோளைப் பிடித்து இழுக்கத் தெரிந்த கை, உயிரோடு இருக்கிற கோளையும் பிடித்து இழுக்கும். ஆகவே இரண்டு வல்லரசுகளுக்கும் ஒரு விஷயத்தில் பூரண ஒற்றுமை: என் குப்பையை நீ தொடாதே, உன் குப்பையை நான் தொடமாட்டேன். ரகசியத்தைக் காப்பாற்ற எழுதிய ஷரத்து, இன்று குப்பையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

ஊரில் 'குப்பை' என்றால் வெறும் கழிவு அல்ல. வீட்டுக்கு வீடு குப்பைக்குழி உண்டு. கோடையில் வண்டி கட்டிக் 'குப்பை அடிப்பது' என்றால் காட்டுக்கு எரு கொண்டுபோவது. குப்பைக்கு உடைமையாளன் உண்டு, அதோடு அவனுக்கு ஒரு வேலையும் உண்டு. எடுத்துக்கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். 1967 ஒப்பந்தம் உடைமையை மட்டும் கொடுத்துவிட்டு வேலையை விட்டுவிட்டது.

இதன் விளைவை 2009 பிப்ரவரி 10 காட்டியது. சைபீரியாவுக்கு மேலே ஏறத்தாழ 790 கிலோமீட்டர் உயரத்தில், பல ஆண்டுகளுக்கு முன்பே செயலிழந்த ரஷ்யாவின் காஸ்மாஸ் 2251, அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் இயங்கிக்கொண்டிருந்த இரிடியம் 33 மீது மோதியது. கண்காணிக்கும் அளவுள்ள துண்டுகள் மட்டும் 2000க்கு மேல். 1972 உடன்படிக்கை, தரையிலோ பறக்கும் விமானத்திலோ சேதம் நடந்தால் ஏவிய நாட்டுக்கு முழுப் பொறுப்பு என்கிறது. விண்வெளியில் நடந்தால் 'தவறு' நிரூபிக்கப்பட வேண்டும் என்கிறது. எது தவறு? சொல்லவில்லை. செத்த பொருளை அப்படியே விட்டுவைத்தது தவறா, உயிரோடு இருந்தது விலகாதது தவறா? போட்டுவைப்பதே தவறு என்று எழுதியிருந்தால், எழுதியவர்களே முதல் குற்றவாளிகள்.

3

1967 ஒப்பந்தத்தின் முதல் ஷரத்து, விண்வெளியை ஆராய்வதும் பயன்படுத்துவதும் மனிதகுலம் முழுமைக்கும் உரியது என்கிறது. இரண்டாம் ஷரத்து, எந்த நாடும் அதைத் தன் சொத்தாக்கிக்கொள்ள முடியாது என்கிறது. படிக்கும்போது மெய்சிலிர்க்கும். ஆனால் நமக்கு இந்த வகை நிலம் புதிதல்ல. ரெவின்யூ கணக்கில் இதற்குப் பெயர் புறம்போக்கு. மேய்ச்சல் புறம்போக்கு, மந்தைப் புறம்போக்கு, நீர்நிலைப் புறம்போக்கு. யாருக்கும் பட்டா கிடையாது, எல்லோருக்கும் உரியது. நடைமுறையில் என்ன? கையில் பலம் உள்ளவன் வேலி போடுவான். குடிசை போட்டவனுக்கு 'ஆக்கிரமிப்பாளன்' என்று நோட்டீஸ் வரும். எல்லோருடைய கழிவும் அங்கே போய்ச் சேரும். தேனிக்காரர்கள் ஒருமுறை மீறுசமுத்திரம் கண்மாய்க் கரையில் நின்று பார்த்தால் போதும், சர்வதேசச் சட்டம் படிக்க வேண்டியதில்லை.

சுற்றுப்பாதையிலும் இதே கதைதான். பட்டா இல்லை, ஆனால் முதலில் போனவன் இடம் பிடித்துக்கொண்டான். 1976இல் பொகோட்டாவில் கூடிய பூமத்தியரேகை நாடுகள் எட்டும், எங்கள் தலைக்கு நேர்மேலே உள்ள புவிநிலைச் சுற்றுப்பாதை எங்களுக்குரியது என்று பிரகடனம் செய்தன. சட்டப்படி அது நிற்காது என்று பெரிய நாடுகள் ஒதுக்கின. நிற்காதுதான். ஆனால் அந்தப் பிரகடனம் கிளப்பிய கேள்வி நின்றுகொண்டிருக்கிறது: சொத்தாக்கக் கூடாது என்றால் நிரப்பிவிடலாமா?

ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் 2025 அறிக்கைப்படி கண்காணிக்கப்படும் பொருள்கள் சுமார் 40,000. அதில் இயங்குபவை ஏறத்தாழ 11,000. 1 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட துண்டுகள் 12 லட்சத்துக்கு மேல் என்பது மதிப்பீடு. நொடிக்கு 7, 8 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவை. ஒரு கோலிக்குண்டு அளவு துண்டு போதும், ஒரு செயற்கைக்கோளை முடித்துவிட. ஒன்று உடைந்து பலவாகி, அவை இன்னும் பலவற்றை உடைக்கும் சங்கிலியை டொனால்ட் கெஸ்லரும் பர்ட்டன் கூர்-பாலேயும் 1978இலேயே கணக்குப் போட்டு எழுதிவிட்டார்கள். தெரியாமல் நடந்தது எதுவும் இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'பொதுநிலத்தை மீட்போம்' என்று பேசும் தோழர்கள் பொதுவைக் கொஞ்சம் புனிதப்படுத்திவிடுகிறார்கள். ஊர்ப் பொதுக்கிணறு என்றைக்கு எங்களுக்குப் பொதுவாக இருந்தது? பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதார் பயன்படுத்தலாம் என்று 1923இல் பம்பாய் சட்டசபை தீர்மானம் போட்டது. 1927 மார்ச் 20 அன்று மகாத் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அள்ளும்வரை அது காகிதம். அள்ளிய பிறகு குளத்தைச் சடங்கு செய்து 'சுத்தப்படுத்தினார்கள்'. எழுதிய பொதுவுக்கும் இறங்கி அள்ளும் பொதுவுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் அரசியல். 'மனிதகுலம் முழுமைக்கும்' என்ற சொல்லாடலையும் இந்தத் தூரத்தை வைத்தே அளக்க வேண்டும்.

4

சரி, இந்தியா எந்தப் பக்கம்? இங்கேதான் நம்மவர்களுக்கு வாய் அடைத்துப்போகிறது.

2001 அக்டோபரில் ஏவிய பி.எஸ்.எல்.வி.-சி3இன் நான்காம் அடுக்கு, அந்த டிசம்பரில் சுற்றுப்பாதையிலேயே வெடித்து நூற்றுக்கணக்கான துண்டுகளானது. மிச்ச எரிபொருளை வெளியேற்றாமல் விட்டதன் பலன். அடுத்த ராக்கெட்டிலிருந்தே அதை வெளியேற்றும் ஏற்பாட்டை இஸ்ரோ செய்தது. தவறு, திருத்தம். இதைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. 2023 மார்ச் 7 அன்று மேகா-ட்ராபிக்ஸ்-1 கோளைக் கட்டுப்பாட்டோடு இறக்கி எரித்தார்கள். 2024 மார்ச் 21 அன்று பி.எஸ்.எல்.வி.-சி58இன் கடைசி அடுக்கை, அதை ஆய்வுமேடையாகப் பயன்படுத்திய பிறகு, சுற்றுப்பாதையில் விட்டுவைக்காமல் இறக்கினார்கள். 2030க்குள் இந்திய ஏவுதல்கள் எல்லாம் குப்பையற்றவையாக இருக்கும் என்று 2024இல் அறிவித்தார்கள். நான் அறிவியல் விரோதி அல்ல. புயல் வருவதை முன்கூட்டிச் சொல்வது மேலே சுற்றுகிற கோள்தான் என்று தெரியாதவனும் அல்ல.

ஆனால் இன்னொரு தேதி இருக்கிறது. 2019 மார்ச் 27. 'மிஷன் சக்தி'. தன் செயற்கைக்கோளைத் தானே ஏவுகணையால் அடித்து நொறுக்கிக் காட்டியது இந்தியா. நாட்டின் தலைமை அமைச்சர் தொலைக்காட்சியில் வந்து அறிவித்தார், தேர்தல் நேரம். 300 கிலோமீட்டருக்கும் குறைந்த உயரம், 45 நாளில் எல்லாம் எரிந்துவிடும் என்றார்கள். சுமார் 400 துண்டுகள், அவற்றில் 24 சர்வதேச விண்வெளி நிலையத்தின் உயரத்தையும் தாண்டிப்போகின்றன என்றார் நாசாவின் தலைவர். சில துண்டுகள் ஓராண்டுக்கு மேலும் சுற்றின. தேசப் பெருமிதம் என்கிற பெருங்கதையாடலில் அந்தத் துண்டுகளுக்கு இடமில்லை. நம் தமிழ்ப் பத்திரிகைகளிலும் எத்தனை பேர் கேட்டோம்?

உடனே ஒரு பதில் வரும்: சீனா 2007இல் அடித்தபோது 3000 துண்டுக்கு மேல், ரஷ்யா 2021இல் அடித்தபோது 1500க்கு மேல், அமெரிக்காக்காரன் செய்யாததா, நம்மை மட்டும் கேட்பதா? நியாயமான பாதி இதில் உண்டு. மேலே கிடப்பதில் மிகப் பெரும்பகுதி அமெரிக்கா, ரஷ்யா, சீனா மூன்றும் போட்டது. அவர்கள் அறுபது வருஷம் போட்டுவிட்டு, இப்போது வருகிறவனுக்குச் சுத்தத்தைப் போதிப்பது அயோக்கியத்தனம்தான். ஆனால் 'அவன் போட்டான், நானும் போடுவேன்' என்பது நீதிக்கான கோரிக்கை இல்லை. அது போடுகிறவர்கள் சங்கத்தில் உறுப்பினர் சீட்டுக் கேட்பது. 2022 டிசம்பரில், இப்படி அழித்துக் காட்டும் சோதனைகளை நிறுத்தக் கோரி ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானம் வந்தது. 155 நாடுகள் ஆதரவு, 9 எதிர்ப்பு, 9 நடுநிலை. இந்தியா நடுநிலை. இலங்கையும் நடுநிலை.

நம் மாவட்டத்திலேயே இதைப் பார்த்திருக்கிறோம். பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் வரப்போகிறது என்றபோது, நியூட்ரினோ உங்கள் உடம்பு வழியாக எந்நேரமும் போய்க்கொண்டிருக்கிறது, ஒன்றும் செய்யாது என்று விளக்கினார்கள். உண்மைதான். ஆனால் சனங்கள் கேட்டது நியூட்ரினோவைப் பற்றி மட்டுமல்ல. மலையைக் குடைந்து எடுக்கிற கல்லு எங்கிட்டுப் போகும், தண்ணி என்னாகும் என்றும் கேட்டார்கள். அறிவியலின் மகத்துவத்தைப் பற்றிக் கேட்டால் விரிவான பதில் உண்டு, அதன் மிச்சத்தைப் பற்றிக் கேட்டால் கேட்டவன் அறியாமையில் இருப்பவன் ஆகிவிடுகிறான். என் அவ்வாவைப் பார்த்து நாங்கள் சிரித்ததும் அந்தச் சிரிப்புதான்.

5

இனி, விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு வருவோம்.

1978 ஜனவரி 24 அன்று அணு உலை வைத்த சோவியத் உளவுக்கோள் காஸ்மாஸ் 954 வட கனடாவில், பூர்வகுடிகள் வாழும் நிலப்பரப்பில், விழுந்து சிதறியது. கனடா 60 லட்சம் கனடிய டாலர் கேட்டது. 1981இல் 30 லட்சத்துக்குச் சம்மதமானது. இரண்டு அரசுகள் பேசி முடித்துக்கொண்டன. 1972 உடன்படிக்கையின்கீழ் கேட்க முடிந்ததும் அரசுகளால்தான். 2022 ஏப்ரல் 2 இரவு, மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் லாட்போரி கிராமத்தில் சுமார் 3 மீட்டர் விட்டமுள்ள உலோக வளையம் ஒன்று வானத்திலிருந்து விழுந்தது. சீன ராக்கெட் ஒன்றின் பாகமாக இருக்கலாம் என்றார்கள். யாருக்கும் அடிபடவில்லை. அடிபட்டிருந்தால்? அந்த விவசாயி இந்த உடன்படிக்கையின்கீழ் நேராகப் போய்க் கேட்க முடியாது. தில்லி கேட்க வேண்டும், பெய்ஜிங்கிடம், ராஜதந்திர வழியில், ஓராண்டுக்குள். தில்லிக்கு அன்றைக்கு அது தோதாக இல்லையென்றால் இல்லை.

இதைவிட மோசமான ஒரு ஷரத்து இருக்கிறது. 7ஆம் ஷரத்து. ஏவிய நாட்டின் சொந்தக் குடிமக்களுக்கு நேர்ந்த சேதத்துக்கு இந்த உடன்படிக்கை பொருந்தாது. அதாவது இந்திய ராக்கெட்டின் பாகம் ஆஸ்திரேலியாவில் விழுந்தால் சட்டம் உண்டு. 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியக் கடற்கரையில் பி.எஸ்.எல்.வி.யின் உருளை ஒதுங்கியபோது, உடன்படிக்கைகளின்படி என்ன செய்வது என்று அந்த நாட்டு விண்வெளி அமைப்பு முறையாகப் பேசியது. அதே உருளை தூத்துக்குடி மீனவனின் படகில் விழுந்தால் சர்வதேசச் சட்டம் வாய் மூடிக்கொள்ளும். உள்நாட்டுச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்பது அதன் நம்பிக்கை. உள்நாட்டுச் சட்டம் எங்கே? 2017இல் விண்வெளிச் செயல்பாடுகள் மசோதா வரைவு ஒன்று வெளியானது. 2023இல் ஒரு கொள்கை அறிவிப்பு வந்தது. கொள்கை வேறு, சட்டம் வேறு. கொள்கையைக் காட்டி யாரும் நஷ்டஈடு வாங்கிவிட முடியாது.

இது எட்டாத விஷயம் அல்ல. 2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென்துருவப் பாதைக்குப் போகிற ராக்கெட், இலங்கைமேல் பாகங்கள் விழாமலிருக்க வளைந்து போக வேண்டியிருக்கிறது, எரிபொருள் வீணாகிறது. குலசேகரப்பட்டினத்திலிருந்து நேராகத் தெற்கே போகலாம். கணக்கு சரிதான். ஆனால் அந்த நேர்கோட்டின் கீழே இருக்கிற கடல், தொழில் நடக்கிற கடல். தனியார் கம்பெனிகளும் ஏவ ஆரம்பித்துவிட்டன. 1967 ஒப்பந்தத்தின் 6ஆம் ஷரத்துப்படி தனியார் செய்வதற்கும் அரசே பொறுப்பு. லாபம் கம்பெனிக்கு, பொறுப்பு பொதுக் கஜானாவுக்கு, விழுவது நம் தலைக்கு.

6

கடைசியாக, 'சுத்தம்' என்கிற சொல்.

இப்போது விண்குப்பையை அகற்றுவது உலகப் பெரும் தொழிலாகிக்கொண்டிருக்கிறது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2020இல் ஸ்விஸ் கம்பெனி ஒன்றோடு ஒரேயொரு பொருளை அகற்ற 8.6 கோடி யூரோவுக்கு ஒப்பந்தம் போட்டது. ஜப்பானியக் கம்பெனி ஒன்றின் கலம் 2024இல் ஒரு பழைய ராக்கெட் அடுக்கை 15 மீட்டர் வரை நெருங்கிப் படம் எடுத்தது. அந்த அடுக்கு ஜப்பானுடையதே. அடுத்தவன் குப்பை என்றால் 8ஆம் ஷரத்து குறுக்கே வரும். இதைச் செய்பவர்கள் எஞ்சினியர்கள், முதலீட்டாளர்கள், பத்திரிகை அட்டைப்படங்கள். யாரும் அவர்களைத் தொட்டால் தீட்டு என்பதில்லை.

கீழே? கையால் மலம் அள்ளுவதற்கு எதிராக 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடைச் சாவுக்கு இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. சாவு நின்றிருந்தால் விலையை உயர்த்த வேண்டியிருக்காது. மேலே 800 கிலோமீட்டரில் நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் ஓடுவதைப் பிடிக்க ரோபோ கை செய்யத் தெரிந்த நாகரிகத்துக்கு, மூணு மீட்டர் குழிக்கு மனுசக் கைதான் வேணும்.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் செத்தவர்களை உவமையாக்கியதாகிவிடும். நான் சொல்வது இவ்வளவுதான்: அழுக்கு பொருளில் இல்லை, அதை அள்ளும் வேலையை யார் தலையில் கட்டுகிறோம் என்பதில் இருக்கிறது. விண்வெளியில் அதைக் கட்டுவதற்கு ஒரு சாதி கிடைக்கவில்லை. ஆகவே அது தொழில்நுட்பம் ஆகிவிட்டது.

போட்டவனே அள்ளும் செலவை ஏற்க வேண்டும் என்பது நமக்குக் கடன்வாங்கிய கொள்கை அல்ல. பாலாற்றைத் தோல் தொழிற்சாலைகள் கெடுத்த வழக்கில், வேலூர் மக்கள் அமைப்பு தொடுத்து வென்ற 1996 தீர்ப்பில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்பது இந்திய மண்ணின் சட்டம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாலாற்றுக்குப் பொருந்துவது சுற்றுப்பாதைக்கு ஏன் பொருந்தாது? வரப்போகும் இந்திய விண்வெளிச் சட்டத்தில் நாம் கேட்க வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. இந்தியக் குடிமகனுக்கும், ஏவியவர் தவறு செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லாத முழு இழப்பீடு. அதை அரசைக் கெஞ்சாமல் தானே கேட்கும் உரிமை. ஏவும் கம்பெனிகளுக்குக் கட்டாயக் காப்பீடும், திரும்ப இறக்குவதற்கான முன்பணமும். ஆயுதச் சோதனைக்காகக் கோள்களை நொறுக்குவதற்குத் தடை. மசோதா தமிழில் வெளியாகி, குலசேகரப்பட்டினத்துக் கரையில் வாசிக்கப்பட வேண்டும்.

ஒரு இடத்தில் எனக்கு முடிச்சு அவிழவில்லை. உடைமை மாறாது என்ற 8ஆம் ஷரத்தைத் தளர்த்தினால் கைவிட்ட குப்பையை யாரும் அகற்றலாம். ஆனால் அகற்றும் கை யாரிடம் இருக்கிறது? மறுபடியும் அதே இரண்டு மூன்று பேரிடம். தளர்த்தாவிட்டால் குப்பை அப்படியே கிடக்கும். உடைமையை விட்டுக்கொடுக்காமல் அள்ளும் கடமையை மட்டும் ஏற்றிவிடுவது எனக்குத் தோன்றும் வழி. போட்டவன் குறிப்பிட்ட காலத்துக்குள் அள்ளாவிட்டால், அவன் செலவில், பல நாடுகள் சேர்ந்த ஒரு பொது அமைப்பு அள்ளட்டும். அந்தப் பொது அமைப்பில் 'பொது' யார் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். அடுத்த இதழில் யாராவது எழுதுங்கள், சண்டை போடலாம்.

அவ்வா இப்போது இல்லை. அன்றைக்கு அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை, சிரித்தேன். இந்தியா 1972 உடன்படிக்கையில் சேர்ந்தது அதே 1979இல்தான் என்பது எனக்குப் பல வருஷம் கழித்தே தெரிந்தது. தெரிந்த பிறகு உடன்படிக்கை முழுவதையும் படித்துப் பார்த்தேன். அள்ளுவது யார் என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.